கழுவின கொப்பிகள்

பத்து வாரமாக அந்த இரண்டு பெட்டிகளும் அதிபரின் இரும்பு அலுமாரிக்குள் கிடந்தன. அலுமாரியின் சாவி அதிபர் கணேஸின் காற்சட்டைப் பைக்குள் கிடந்தது. அலுமாரிக்கு நேர் எதிரே, ஒரு பலகைத் தட்டிக்கு மறுபக்கம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்து மூன்று பேர் எழுதக் கொப்பியில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிகளுக்குள் இருந்ததோ கொப்பி. யாராவது வேலை மெனக்கெட்டு உட்கார்ந்து யோசித்தாலும் இப்படியொரு கூத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று ஸுலைஹா டீச்சர் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். முடியாது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அவள் தெல்தெனியவிலிருந்து வருகிறவள். காலை ஆறரைக்கு மகியங்கனை பஸ் பிடித்து ஹுன்னஸ்கிரியவில் இறங்கி, அங்கிருந்து தேயிலைத் தோட்டத்து ரோட்டில் மூன்று கிலோமீற்றர் ஏற வேண்டும். ஆட்டோ கிடைத்தால் ஆட்டோ, இல்லாவிட்டால் நடை. அந்தப் பள்ளிக்கூடத்தில் இது அவளுக்கு ஆறாவது வருடம். நகரத்துக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு போன டீச்சர்மாரை எல்லாம் அவள் ஒவ்வொருத்தராக வழியனுப்பி வைத்திருக்கிறாள். அவள் மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்டால் அவளிடம் நல்ல பதில் கிடையாது. ஒவ்வொரு வருடமும் விண்ணப்பத்தை நிரப்புவாள், பிறகு வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை கெட்டிக்காரியாக வந்து தொலைக்கும், விண்ணப்பம் கைப்பைக்குள்ளேயே கசங்கிப் போகும். இந்த வருடத்துப் பிள்ளை லோஜினி.

அரசாங்கம் பாடப்புத்தகம் தருகிறது, சீருடைத் துணி தருகிறது. கொப்பி தருவதில்லை. கொப்பி விலை, நாடே சாமானுக்கு வரிசையில் நின்ற அந்தப் பஞ்சத்து வருடத்தில் ஏறினது ஏறினதுதான், மற்றச் சாமான்கள் கொஞ்சம் இறங்கின பிறகும் அது இறங்க மறந்துவிட்டது. கொழுந்து பறிக்கிற வீட்டில் மூன்று பிள்ளைகள் படித்தால், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கொப்பி என்று யார் வாங்கிக் கொடுப்பது? முதல் வருடங்களில் ஸுலைஹா தன் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். அவளுக்கும் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மூன்று. அது ஒரு தவணைக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை.

அதனால்தான் போன டிசம்பரில் கணவன் நஸீபிடம் வாய் விட்டாள். நஸீப் கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. அவனுடைய முதலாளி ஹலீம் ஹாஜியார் ஒரு வர்த்தகர் நலன்புரிச் சங்கத்துக்குச் செயலாளர். நல்ல மனிதர், கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். ஆனால் அவர் கேட்டதும் கொஞ்சமில்லை. கடிதம் கேட்டார், பெயர்ப் பட்டியல் கேட்டார், அதிபரின் சீல் கேட்டார், பிள்ளைகள் இருக்கிற படம் கேட்டார். பிள்ளை ஒன்றுக்கு ஆறு கொப்பி, இரண்டு பென்சில், ஒரு அழிறப்பர் என்று ஸுலைஹா எழுதிக் கொடுத்தாள். மகியங்கனைப் பக்கம் தகரம் ஏற்றிக்கொண்டு போன லொறியில், தவணை தொடங்கி இரண்டாம் வாரமே பெட்டிகள் வந்து இறங்கின. பெரிய பெட்டிகள். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஸுலைஹாவுக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு லேசாக ஒரு காரியம் நடந்து அவள் பார்த்ததில்லை.

பெட்டியோடு ஒரு பேனரும் ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்தன. கையளிப்பு விழா நடந்த பிறகுதான் பெட்டியைப் பிரிக்க வேண்டும். விழாவுக்குப் பிரதம அதிதி கல்வி அதிகாரி ஒருவர். திகதி பேனரிலேயே பெரிதாக அச்சடித்திருந்தது.

அதிபர் கணேஸ் உடனே பெட்டிகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அவருக்கு ஆகஸ்டில் ஓய்வு. அதுவரைக்கும் தன் தலையில் எதுவும் வந்து விழாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே அவருடைய பாடத்திட்டம். யாராவது பெட்டியைப் பிரித்தார்கள், ஒரு கொப்பி குறைந்தது என்று பேச்சு வந்தால் பென்சனில் கை வைத்துவிடுவார்கள் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

முதல் திகதிக்கு அதிகாரியைக் கொழும்புக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டாவது திகதியில் படம் பிடிக்கிறவருக்குக் கம்பளையில் ஒரு கல்யாணம். படம் இல்லாமல் விழா வைத்து என்ன பிரயோசனம் என்று சங்கத்தில் அபிப்பிராயப்பட்டார்களாம். மூன்றாவது திகதியில் மழை பிடித்து ரோட்டில் மண் சரிந்தது. அதற்கு மட்டும் யாரையும் நோக முடியாது. ஒவ்வொரு முறையும் அதிபர் பேனரில் பழைய திகதியின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிப் புதுத் திகதியைக் கையால் எழுதினார். ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் வரவேற்பு நடனம் பழகினார்கள். கணக்குப் பாடத்திலிருந்து எழுப்பிக்கொண்டு போய்ப் பழக்கினார்கள். வகுத்தல் தெரியாத பிள்ளைக்கும் பூத்தட்டை எந்தக் கையில் பிடிப்பது என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

இந்தப் பத்து வாரமும் பிள்ளைகள் எழுதாமல் இருந்தார்களா என்றால், இல்லை. எழுதினார்கள். அது எப்படி என்பதுதான் விஷயம்.

ஒவ்வொரு பிள்ளையிடமும் போன வருடத்து மிச்சக் கொப்பி ஒன்றோ இரண்டோ இருந்தது. எல்லாப் பாடத்தையும் அதிலேயே பென்சிலால் எழுதுவார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பக்கங்களை அழிப்பார்கள். வரிசைக்கு ஒரு அழிறப்பர் கை மாறிப் போகும், மேசையெல்லாம் கறுப்புத் துகள் கொட்டும், ஊதித் தள்ளுவார்கள். திங்கட்கிழமை அதே பக்கத்தில் முதலிலிருந்து எழுதுவார்கள். அதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கொப்பி கழுவுவது. இன்றைக்குக் கழுவுற நாள் டீச்சர் என்று அவர்களே ஞாபகப்படுத்துவார்கள், ஏதோ உடுப்புத் தோய்க்கிற நாள் மாதிரி.

ஸுலைஹா இதை முதலில் தடுக்கத்தான் பார்த்தாள். எழுதினதைத் திரும்பப் பார்க்காத பிள்ளை எப்படிப் படிக்கும்? போன வாரம் படித்த வாய்ப்பாடு இந்த வாரம் கொப்பியில் இருக்காது. தவணைப் பரீட்சைக்கு எதை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பார்கள்? ஆனால் வேறு வழி ஒன்றைச் சொல்ல அவளிடமும் இல்லை. வழி அலுமாரிக்குள் இருந்தது.

நான்காம் வாரம் ஒரு காலை லோஜினி தன் கொப்பியை மேசைக்கடியில் மறைத்து வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றாள். வாங்கிப் பார்த்தால் ஒரு பக்கத்தின் நடுவில் ஓட்டை. ஸுலைஹா போட்ட சரி அடையாளம் சிவப்பு மையில் இருந்தது. அதை அழிக்க முடியாமல் பிள்ளை எச்சில் தொட்டுத் தேய்த்திருக்கிறாள். மை போகவில்லை, தாள் போய்விட்டது. ஒரு சரி போட்டு ஒரு பக்கத்தைக் கொன்றுவிட்டோம் என்று ஸுலைஹா தன்னையே நொந்துகொண்டாள்.

அன்றிலிருந்து அவள் பென்சிலால் திருத்தினாள். அது சட்டத்துக்கு விரோதம். சிவப்புப் பேனையால் திருத்தித் திகதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது எந்தப் புது ஆசிரியருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

நான்காவது திகதி ஒரு வியாழக்கிழமை. இந்த முறை எல்லாரும் வருவது உறுதி என்று ஹலீம் ஹாஜியார் நஸீபிடம் சொல்லி அனுப்பியிருந்தார். புதன் காலைக் கூட்டத்தில் அதிபர் ஒரு நீண்ட பேச்சு வைத்தார். நகம் வெட்ட வேண்டும், தலை வார வேண்டும், பெண்பிள்ளைகள் வெள்ளை ரிப்பன் கட்ட வேண்டும். கொப்பிகளை மறக்காமல் கொண்டுவர வேண்டும், அதிகாரி ஐயா பார்த்தாலும் பார்ப்பார். ஸுலைஹாவும் அங்கேதான் நின்றாள். இதில் ஒரு வில்லங்கம் ஒளிந்திருக்கிறது என்று அவளுக்கும் அப்போது உறைக்கவில்லை.

பெரிய மனிதர் வருகிறார் என்றால் தொழிலாளர் லயத்து வீடுகளில் என்ன செய்வார்கள்? கழுவுவார்கள். வாசலைக் கழுவுவார்கள், சப்பாத்தைக் கழுவுவார்கள், சீருடையைக் கழுவி அடுப்புக்கு மேலே காயப் போடுவார்கள். பிள்ளைகள் கொப்பியையும் கழுவினார்கள். அதுவும் வெள்ளிக்கிழமைக் கழுவல் மாதிரி அரைகுறையாக இல்லை. சாம்பல் பிடித்த பக்கம் ஒன்றுகூட ஐயாவின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும், இருபத்து மூன்று பிள்ளைகளும். அழிறப்பர் தேய்ந்து முடிந்த வீடுகளில் பேக்கரிப் பாணின் நடுச்சதையைப் பிய்த்து உருட்டித் தேய்த்திருக்கிறார்கள். லோஜினியின் அம்மா வீரம்மா, விடியச் சாப்பிட வைத்திருந்த கால்றாத்தல் பாணை மகள் கையில் கொடுத்துவிட்டு வெறும் தேத்தண்ணியோடு மலைக்குப் போனாளாம். இதெல்லாம் ஸுலைஹாவுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

வியாழன் பத்து மணிக்கு வேன் வந்தது. அதிகாரி, ஹலீம் ஹாஜியார், சங்கத்து ஆட்கள் நான்கு பேர், படம் பிடிக்கிறவர். பேனரை எங்கே கட்டினால் வெளிச்சம் விழும் என்று படம் பிடிக்கிறவர் அங்குமிங்கும் நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் சும்மா இருப்பானேன் என்று அதிகாரி நான்காம் வகுப்புக்குள் வந்தார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். கொப்பிகளை மேசையில் அடுக்காக வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அதிகாரி லோஜினியின் கொப்பியைத்தான் முதலில் எடுத்தார். புரட்டினார். இன்னும் புரட்டினார். அடுத்த மேசைக் கொப்பியை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார். ஸுலைஹா எட்டிப் பார்த்தாள். ஒரு பக்கத்திலும் ஒரு எழுத்து இல்லை.

தவணை முடிய இரண்டு வாரம் இருக்கிறது, இந்தப் பிள்ளைகள் இதுவரைக்கும் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லையா என்று அதிகாரி கேட்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"எழுதினாங்க சேர்," என்றாள் ஸுலைஹா. "அழிச்சுப்போட்டு அதிலேயே திரும்ப எழுதுற. வேற கொப்பி இல்ல."

பின்னால் வந்து நின்ற ஹலீம் ஹாஜியார் ஒரு கொப்பியை வாங்கி விசிறி மாதிரிப் புரட்டினார். அவருடைய முகத்தில் கோபமில்லை. ஏமாந்துபோன ஒரு மனிதரின் முகம் அது.

"என்ன டீச்சர் இது, கொப்பியெல்லாம் எழுதாம வெறுசாத்தானே ஈக்கி. நாங்க ஒண்டுமில்லாத புள்ளைகளுக்கெண்டுதானே சேத்த."

ஸுலைஹா லோஜினியின் கொப்பியை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரிச் சாய்த்துப் பிடித்தாள். அப்படிப் பிடித்தால் பென்சில் அழுந்தின தழும்பு தெரியும். நாற்பத்தெட்டை மூன்றால் வகுத்த கணக்கு தெரிந்தது. அதன் கீழே மகாவலி பாய்கிற மாவட்டங்கள். அதற்கும் கீழே, ஒன்றோடொன்று சிக்கி, 'என் அம்மா' என்று தொடங்குகிற ஒரு கட்டுரை. ஒரே பக்கத்தில் பத்து வாரமும் படுத்துக் கிடந்தது. அதிகாரி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டார், விளங்கிவிட்டது என்று ஸுலைஹா நம்பினாள்.

"சரி, எழுதியிருக்கு," என்றார் அவர். "ஆனா ஒரு சிவப்புக் கோடு கூட இல்லையே டீச்சர். நீங்க திருத்தவே இல்லையா?"

அவள் விளக்கினாள். சிவப்பு போட்டால் பக்கம் வீணாகிவிடும் என்பதை, ஓட்டை விழுந்த பக்கத்தைக் காட்டி, சொல்லில் சொல் தடக்க விளக்கினாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். பிள்ளைகளிடம் இருக்கிற கொப்பிகளில் பக்கம் இருக்கிறது. பக்கம் இருக்கும்போது புதுக் கொப்பி கொடுப்பது வீண்விரயம். இருக்கிறது முழுவதும் எழுதி முடியட்டும், சிவப்புப் பேனையால் திருத்தித் திகதி போடட்டும், முடிந்த பிறகு புதுசைக் கொடுக்கலாம். அதுவரைக்கும் பெட்டி அலுமாரியிலேயே இருக்கட்டும். அழிக்கவிட்டதற்கு டீச்சர் எழுத்தில் ஒரு விளக்கம் கொடுக்கட்டும். இதையெல்லாம் அதிபர், பள்ளிக்கூடத்தில் நடப்பதைப் பதிகிற சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் உடனே பதியட்டும். அதிபர் உடனே பதிந்தார். அவருடைய கையெழுத்து அவ்வளவு அழகாக இருந்து ஸுலைஹா பார்த்ததில்லை.

விழா நின்றுபோனதா என்று கேட்டால், அதுதான் இல்லை. மாலை வாங்கியாயிற்று, ரோல்ஸும் கேக்கும் வந்தாயிற்று, படம் பிடிக்கிறவர் அவ்வளவு தூரம் வந்தாயிற்று. படத்தையாவது எடுத்து வைப்போம், பிறகு எப்போது கொடுத்தாலும் கொடுத்ததுதானே என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. பெட்டியிலிருந்து ரிப்பன் கட்டின ஐந்து பொதிகளை மட்டும் எடுத்தார்கள். ஐந்து பிள்ளைகளை நிறுத்தினார்கள். லோஜினி இரண்டு கையாலும் பொதியை வாங்கி, பழக்கின மாதிரியே குனிந்து அதிகாரியின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, கமராவைப் பார்த்துச் சிரித்தாள். படம் நன்றாக வந்தது. அதிபர் ஐந்து பொதிகளையும் பிள்ளைகளிடமிருந்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்து அலுமாரியைப் பூட்டினார். பொதியைக் கொடுக்கும்போதும் லோஜினி இரண்டு கையாலும்தான் கொடுத்தாள்.

அன்றைக்கு பஸ்ஸில் ஸுலைஹாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்திருக்கிறாள். வீட்டில் நஸீப் சமாதானம் சொல்லப் பார்த்தான். ஹாஜியார் கெட்ட மனிதரில்லை, அவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றான். கெட்ட மனிதராக இருந்தால் திட்டியாவது தொலைத்திருப்பேன் என்று சொல்லி அவள் பாத்திரத்தைக் கழுவுதொட்டியில் ஓங்கிப் போட்டாள். எல்லாரும் நல்லவர்களாக இருந்து இருபத்து மூன்று பிள்ளைகளுக்குக் கொப்பி கிடைக்கவில்லை. யாரைப் போய்க் கேட்பது?

விளக்கக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. முடிந்த பிறகு கொடுக்கலாம் என்று அதிகாரியே சொல்லியிருக்கிறார். அதிபரே எழுதியிருக்கிறார். கழுவுகிறவரைக்கும் அந்தக் கொப்பிகள் முடியவே முடியாது. கழுவாவிட்டால்?

திங்களும் செவ்வாயும் நான்காம் வகுப்பில் வேறு வேலை நடக்கவில்லை. முதல் பாடத்திலிருந்து கரும்பலகையில் எழுதிப் போட்டாள். கையில் இருந்த கடைசி வெண்கட்டி நகத்தளவு ஆகும்வரைக்கும் எழுதினாள். தவணை முழுவதும் படித்ததைப் பிள்ளைகள் இரண்டு நாளில் திரும்ப எழுதினார்கள். ஓரத்தில் இடம் விடாமல், அட்டையின் உள்பக்கம்கூட விடாமல் எழுத வைத்தாள். கை வலிக்கிறது என்றவர்களை உதறச் சொல்லிவிட்டுத் தொடர்ந்து எழுத வைத்தாள். செவ்வாய் பின்னேரம் சிவப்புப் பேனையைத் திறந்துகொண்டு முதல் மேசைக்குப் போனாள்.

லோஜினி கொப்பியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"சிவப்பு வேணாம் டீச்சர். அது கழுவ வராது."

இனிக் கழுவத் தேவையில்லை, இது முடிந்தால் அலுமாரியில் இருக்கிற புதுக் கொப்பியைத் தருவார்கள் என்று ஸுலைஹா சொன்னாள். லோஜினி கையை எடுக்கவில்லை.

"அன்னைக்கும் தந்தாங்க டீச்சர். பொறகு வாங்கிக்கிட்டாங்க."

பிள்ளை குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அலுமாரி திறக்காவிட்டால் இந்தப் பிள்ளைகளிடம் நாளைக்கு எழுத ஒரு பக்கமும் மிஞ்சாது. இருந்த ஒன்றையும் டீச்சரே பறித்ததாகத்தான் முடியும். கையை எடு என்று அதட்டலாம். அவள் அதட்டவில்லை, பேனையைப் பிடித்தபடி நின்றாள். கடைசியில் லோஜினி தானாகவே கையை எடுத்தாள். ஸுலைஹா பக்கம் பக்கமாகச் சரி போட்டாள், திகதி போட்டாள், கையெழுத்து வைத்தாள். ஒவ்வொரு பக்கமும் சிவந்து வருவதை லோஜினி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

புதன் காலை முதல் பாடவேளையில் முப்பத்தேழு கொப்பிகள் அதிபரின் மேசையில் வந்து இறங்கின. பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு இருபத்து மூன்று பிள்ளைகள் நின்றார்கள்.

"நாலாம் வகுப்புல இனி எழுத ஒரு பக்கமும் இல்ல சேர். ஐயா சொன்ன மாதிரியே முடிச்சாச்சு."

அதிபர் இரண்டு மூன்று கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தார். நல்லதுதான், நான் ஐயாவுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டுவிடுகிறேன் என்றார். கடிதத்துக்குப் பதில் வர எத்தனை நாளாகும் என்று ஸுலைஹா கேட்டாள். அதை நான் எப்படிச் சொல்வது என்றார் அவர். போன் எடுத்துப் பார்த்தார். ஐயா கூட்டத்தில் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். என்னம்மா செய்யிறது என்கிற மாதிரி அவளைப் பார்த்தார்.

ஸுலைஹா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆறு வருடத்தில் அவர் உட்காரச் சொல்லாமல் அவள் அந்த அறையில் உட்கார்ந்ததில்லை. சம்பவத்திரட்டை எடுத்து, வியாழக்கிழமைப் பக்கத்தைப் பிரித்து, அவருக்கு முன்னால் தள்ளினாள்.

"இது உங்கட எழுத்துத்தானே சேர். நீங்களே வாசிங்க. இதை வச்சுக்கொண்டு பெட்டியைத் திறந்தா உங்களை யாரும் கேக்க ஏலா. திறக்காட்டி, ஏன் திறக்கல்ல எண்டு கேக்கலாம். அதையும் நான் என்ட விளக்கக் கடிதத்தில எழுதுவேன்."

அவர் வாசித்தார். முடிந்த பின் வழங்கவும் என்று அவருடைய அழகான கையெழுத்தில் இருந்தது. இன்னொரு முறை வாசித்தார். வாசலில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகளுக்காக மனம் இளகினாரா, பென்சனை நினைத்துப் பயந்தாரா என்று ஸுலைஹா ஆராயவில்லை. அவருடைய கை காற்சட்டைப் பைக்குள் போனதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

இவ்வளவு பாடுபட்டுத் திறந்த பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெட்டி பெரிதாக இருந்ததற்குக் காரணம் கலண்டர். சங்கத்து நிர்வாகிகளின் படம் போட்ட, பளபளப்பான, ஒரு முழ அகலக் கலண்டர், பிள்ளைக்கு ஒன்று. அதில் ஜனவரியும் பெப்ரவரியும் எப்போதோ போய்விட்டிருந்தன. கோடு கீற, சங்கத்தின் பெயர் அடித்த அடிமட்டம் ஒன்று. பென்சில் ஒன்று. நாற்பது பக்கக் கொப்பி இரண்டு. ஆறு கேட்டதற்கு இரண்டு. அழிறப்பர் இல்லை.

ஸுலைஹா பெட்டிக்குள் கையை விட்டு அடிவரைக்கும் துழாவிப் பார்த்தாள். பிறகு எழுந்து, ஒவ்வொரு பிள்ளையின் பெயராகக் கூப்பிட்டுக் கொடுத்தாள். பிள்ளைகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொப்பியைப் பிரித்து மூக்கில் வைத்து மணந்தார்கள். கலண்டரின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, படம் கீறலாம் என்று ஒருத்தன் கண்டுபிடித்துச் சொன்னான். அனுப்பினதில் ஆகப் பிரயோசனமான சாமான் அதுதான் என்று ஸுலைஹாவும் ஒத்துக்கொண்டாள். இதை இனி யாரும் திருப்பி வாங்கமாட்டார்களா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வாங்கமாட்டார்கள் என்று அவள் இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொன்னாள்.

கடைசிப் பாடவேளையில் சொல்வதெழுதல் வைத்தாள். பத்துச் சொல். எல்லாரும் குனிந்து எழுதினார்கள். மேசை மேசையாகத் திருத்திக்கொண்டு லோஜினியிடம் வந்தபோது புதுக் கொப்பியின் முதல் பக்கம் வெறுமையாக இருந்தது. வகுப்பில் எழுத முந்துகிற பிள்ளை ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருக்கிறாளே என்று ஸுலைஹாவுக்குத் திக்கென்றது. கொப்பியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பத்துச் சொல்லும் இருந்தன, பத்தும் சரி. பென்சில் தாளில் பட்டதோ இல்லையோ என்று சொல்லும்படி, அவ்வளவு மெல்லிசாக இருந்தன.

இப்படி எழுதினால் யார் வாசிப்பது, நன்றாக அழுத்தி எழுது என்றாள்.

"அழுத்துனா தழும்பு விழுந்துரும் டீச்சர்," என்றாள் லோஜினி. "இப்புடி எழுதுனாத்தான் சுத்தமா கழுவலாம். ரெண்டு கொப்பிதானே."

ஸுலைஹாவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இது மார்ச் மாதம். டிசம்பர் வரைக்கும் ஆறு பாடம், இரண்டு கொப்பி. பெட்டி அனுப்பினவர்கள், பூட்டி வைத்தவர், தீர்ப்புச் சொன்னவர், இவ்வளவு பேரில் ஒருவரும் போட்டுப் பார்க்காத கணக்கை இந்தப் பிள்ளை மட்டும் போட்டுப் பார்த்திருக்கிறாள். கணக்கில் பிழையும் இல்லை.

அவள் சிவப்புப் பேனையை மூடினாள். கைப்பைக்குள் தேடி, விழாவுக்கு முன்பு கொப்பி திருத்த வைத்திருந்த அந்தப் பென்சிலை எடுத்தாள். லோஜினியின் பக்கத்துக்குக் கீழே, தாளில் படாத மாதிரி, ஒரு சின்னச் சரி போட்டாள்.